வழக்குரைக்கு முன்னே குளிர்த்தியா?

2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்தார்கள். அவருடைய 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். வன்முறையைக் கண்டித்த கவிதைகளும் அதே புத்தகத்தில்தான் இருந்தன. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு மனிதனின் இருபதுகளில் நல்ல பாதி அதிலேயே போய்விட்டது.

அந்தக் கைதுக்கு ஒரு வருஷம் முன்னால், 2019 ஏப்ரலில், ஷக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காக உள்ளே போட்டார்கள். பிக்குகளை இழிவுபடுத்திவிட்டார் என்று முறைப்பாடு. எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென்று 2007இல் கொண்டுவந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். நான்கு மாதமளவில் விளக்கமறியலில் இருந்தார். பிறகு 2025 மார்ச்சில், 22 வயது இளைஞர் ஒருவரைக் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காகப் பிடித்தார்கள். மறுபடியும் பயங்கரவாதத் தடைச் சட்டம்தான். 1979இல் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று பெயரிலேயே எழுதிக்கொண்டு வந்த சட்டம் அது. ஆட்சிகள் வந்து போகின்றன, தற்காலிகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போனால் தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை என்று பேசுகிற ஆட்கள்தான் பாதி மண்டபம். முதல் பிரதி வாங்குகிறவர் கூட அதை வாசிப்பாரா என்று எனக்குச் சந்தேகம். இந்த நாட்டில் கவிதையை வரிவரியாக, இரவு பகல் பாராமல் வாசிக்கிற ஒரே வாசகர் புலனாய்வுப் பிரிவுதானோ என்று சில நேரம் நினைப்பேன். பகிடிக்குச் சொன்னாலும் அதில் ஒரு உண்மை இருக்கிறது. ஒரு கவிதையால், ஒரு ஸ்டிக்கரால் என்ன செய்துவிட முடியும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

நான் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதிக்காரி. படம் வரைகிறதும் படம் பார்க்கிறதும் எனக்குப் பைத்தியம். வேலை டவுனில், ஒரு கணக்கு வழக்குப் பார்க்கிற இடத்தில். அது சோறு போடுகிறது. பின்னேரங்களில் கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கண்காட்சி, நாடகம் என்று ஏதாவது இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன். அங்கே படித்தவளில்லை. படிக்க ஆசைப்பட்டபோது வீட்டில், "கீறிப்போட்டு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார்கள். கிழக்கில் ஓவியத்தில் ஆர்வமுள்ள எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் வந்திருக்காது, அதனால் அந்தக் கதையை விடுவோம்.

போன வருஷம் ஒரு குழுக் கண்காட்சிக்கு மூன்று படம் கொடுத்தேன். இரண்டு வாவிப் படம், ஒன்று சித்தாண்டிப் படம். தெருவோரப் பந்தலில் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருக்கிற, மாடு வளர்க்கிற பண்ணையாளர்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை வெளியார் வந்து பிடிக்கிறார்கள், மாடுகளை வெட்டுகிறார்கள், சுடுகிறார்கள் என்று 2023 செப்டம்பரில் இந்தப் பண்ணையாளர்கள் அங்கே குந்தத் தொடங்கினார்கள். ஒழுங்குசெய்தவர் வாவிப் படங்களை எடுத்துக்கொண்டார். மூன்றாவதைத் திருப்பித் தந்தார். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இப்ப எல்லாம் கொஞ்சம் அமைதியா வருது. அதைக் கிளறாம, மனசுக்குக் குளிர்ச்சியா ரெண்டு படம் தாங்கோ." அவர் கெட்டவர் இல்லை. மண்டபத்துக்குக் காசு கட்டியவர், யார் வந்து என்ன கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு. ஆனால் அவர் சொன்ன அந்தக் குளிர்ச்சி எனக்குள் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டது.

அம்மம்மாவின் ஊர் தம்பிலுவில். வைகாசியில் அங்கே கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருக்காது. மச்சம் மாமிசம் நிற்கும். கோயிலில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். ஒரு நாளில் முடிகிற படிப்பு இல்லை. காதை காதையாக, நாள் கணக்கில் போகும். கடலோட்டம், கோவலன் கண்ணகி கலியாணம், மதுரைக்கு நடை, அடைக்கலம், கொலைக்களம், அதன் பிறகு கண்ணகி சிலம்போடு பாண்டியன் சபைக்குப் போய் வழக்குரைக்கிற இடம். பண்டிதர் வி.சீ. கந்தையா 1968இல் இதைப் பதிப்பித்தார். ஆனால் அச்சில் வருமுன்பே காரைதீவிலும் தம்பிலுவிலிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக ஏட்டிலும் கொப்பியிலும் இருந்தது.

சின்ன வயதில் எனக்கு அது நித்திரை வருகிற படிப்பு. வளர்ந்த பிறகு அம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்டபோதுதான் பார்த்தேன், வழக்குரைக்கிற இடம் வந்ததும் கூட்டம் மாறுகிறது. கச்சான் கொறித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்துகிறார்கள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார்கள். "விசாரிக்காம வெட்டிப்போட்டான் மனே, அதான் அவளுக்கு அந்தக் கோபம்," என்றார் அம்மம்மா. ஏதோ நேற்று நடந்த மாதிரி. எங்கள் ஊர்களில் 'விசாரிக்காமல்' என்றால் எல்லோருக்கும் ஒரு ஆள் ஞாபகம் வரும். அம்மம்மாவுக்கு அவருடைய தம்பி. 1990இல் போனவர். பாண்டியன் கதையைக் கேட்டு அம்மம்மா யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில்தான் குளிர்த்தி. மதுரை எரிந்து முடிந்து, அம்மன் கோபம் அடங்காமல் நிற்கிறபோது அவளைக் குளிரப்பண்ணுகிற பாடல்கள். அந்த இரவுக்கு ஊரே கூடும். வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அந்த ஒழுங்கு. வழக்கை முழுதாகப் படித்து முடிக்காமல் குளிர்த்தி பாட மாட்டார்கள். மழை வருகிறது, நேரம் போகிறது, சனம் களைத்துவிட்டது என்று வழக்குரைத்த காதையைத் தாண்டிப் போய்க் குளிர்ச்சிக் காதையைப் படிக்கலாமா என்று கேட்டால் பூசை செய்கிற கட்டாடியார் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். கேட்கப்படாத வழக்கோடு நிற்கிற தெய்வத்தைக் குளிரப்பண்ண முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சிங்கள மக்களும் அவளைப் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கதை புதிதில்லை.

நல்லிணக்கம் என்று எங்களிடம் கேட்கப்படுவது எல்லாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிற வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. வழக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் குளிருங்கள்.

2019 முடிவில், கோட்டாபய ஜனாதிபதியானதும், நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் படம் வரையக் கிளம்பினார்கள். ஞாபகம் இருக்கும். போஸ்டர் கிழிந்து தொங்கிய மதில்கள் ஒரே கிழமையில் பளிச்சென்று ஆகின. வரைந்த பிள்ளைகளின் உற்சாகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். தூரிகையும் பெயின்ற்றும் கையில் கிடைத்தால் நானும் போயிருப்பேன். ஆனால் என்ன வரைந்தார்கள்? பழைய அரசர்கள், இராணுவ வீரர்கள், யானை, நெல்வயல், சூரியன். அதே வருஷம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் அதில் போனார்கள். எட்டு மாதம் கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சுவர் கிடைத்ததாக நான் காணவில்லை. முன்னெச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. சுவர்கள் சொல்ல மறுத்ததை ஒரு நீதிமன்றம் கொஞ்சமாவது சொன்னது. சரி, அதையும் எழுதி வைக்க வேண்டும். நீதிமன்றங்கள் ஒன்றுமே செய்யாது என்று அலுத்துப் பேசுவது எங்களுக்கு ஒரு சொகுசாகப் போய்விட்டது.

எல்லா அழகான படமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வாவியை எனக்கும் பிடிக்கும். ஆனால் எதை வரையாமல் விடுவதற்காக வாவியை வரைகிறோம் என்பது வேறு கேள்வி.

மறுபக்கத்திலும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் மனிதப் புதைகுழியைத் தோண்டத் தொடங்கி எலும்புக்கூடுகள் வர வர, என் பேஸ்புக் முழுக்கப் படங்கள். ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீலப் பாடசாலைப் பை ஒன்று கிடைத்தது. அடுத்த நாளே நீலப் பையோடு வானத்துக்குப் பறக்கிற சிறுமி, நீலப் பையில் பூ முளைத்த படம், செயற்கை நுண்ணறிவு செய்துகொடுத்த அழுகிற தாய். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் அந்தக் குழந்தை யார், யார் புதைத்தது, எந்த வருஷம் என்று ஒன்றுமே விசாரித்து முடியவில்லை, அதற்குள் படம் அதைச் சொர்க்கத்துக்கு அனுப்பிவிட்டது. இதுவும் அவசரக் குளிர்த்திதான். நாங்களே எங்களுக்குப் பாடிக்கொள்வது.

அந்த ஓகஸ்டில் நீதிமன்றத்தின் அனுமதியோடு, தோண்டியெடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் வந்து பார்த்து அடையாளம் காட்ட வைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், சகோதரங்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். செய்திப் படங்களில்தான் நான் பார்த்தேன். ஒரு கண்காட்சியை எப்படி வைக்க வேண்டும் என்று நான் இத்தனை நாள் கல்லடியில் பார்த்துப் பழகிய எல்லாம் அதற்கு முன் சின்னதாகத் தெரிந்தது. ஒரு பொருளையும் அழகுபடுத்தவில்லை. ஒரு கவிதை வரி பக்கத்தில் ஒட்டவில்லை. இது உங்களுடையதா என்று பொருள் கேட்டது, அவ்வளவுதான். படம் வரைகிறவர்கள் அந்த இடத்திலிருந்து படிக்க நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்கிற இந்தப் பாடத்தை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் படித்தவர்கள் கூத்தாடுகிறவர்கள். வடமோடி, தென்மோடி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கூத்துக் கொப்பிகளில் பெண்களை மட்டந்தட்டுகிற வரிகள் உண்டு, சாதியை நியாயப்படுத்துகிற வரிகளும் உண்டு. பேராசிரியர் சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்தர்களும் மீளுருவாக்கம் என்று தொடங்கியபோது அந்த வரிகளை ஊர்க்காரர்களே இருந்து கதைத்து, சண்டை பிடித்து மாற்றினார்கள். பாரம்பரியத்தில் கைவைப்பதா என்று கண்டனமும் வந்தது. எனக்கு அந்த வேலை பிடித்ததற்குக் காரணம், மாற்றம் கம்பஸிலிருந்து எழுதி அனுப்பப்படவில்லை. அண்ணாவியார், மத்தளக்காரர், ஆடுகிற பிள்ளைகள், பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் களரியில் இருந்து வாயாடினார்கள். நீதி கேட்கிற கலை தனக்குள்ளேயும் கொஞ்சம் நீதி வைத்திருக்க வேண்டாமா? பறை எங்கள் அடையாளம் என்று மேடையில் முழங்கிவிட்டு, பறை அடிக்கிற ஐயாவைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் ஊரை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

2022இல் காலிமுகத்திடல் நிரம்பி வழிந்த காலத்தில் மட்டக்களப்பில் பெண்கள் சிலர் நீதிக்கான நடை என்று நாளாந்தம் நடந்தார்கள், காந்தி பூங்கா வரைக்கும். கையில் எழுதிய அட்டைகள், பாட்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்கள், நுண்கடன், விலைவாசி, பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று நாளுக்கொரு வழக்கு. கொழும்பில் கமராக்கள் எல்லாம் திடலில் நின்றதால் இவர்களை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து நடந்தார்கள். என்னுடைய அடுத்த விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆரையம்பதியிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ் காத்தான்குடியைக் கடக்காமல் போகாது. பேரீச்ச மரங்கள் நடுவில் நிற்கிற அந்த வீதியில் சின்ன வயதிலிருந்து போய் வருகிறேன். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்தவர்களைப் பின்னாலிருந்து சுட்டார்கள். நூறுக்கும் மேலான ஆண்களும் பையன்களும். செய்தது புலிகள். பள்ளிச் சுவரில் குண்டு பட்ட அடையாளங்களை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சத்துருக்கொண்டானைப் பற்றிக் கதைப்பார்கள். 1990 செப்டம்பர் 9, சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் சனத்தை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கொல்லப்பட்டவர்கள் 184 பேர், கைக்குழந்தைகள் உட்பட. அதற்கு நாலு நாள் முன்னால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள். இவை எல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் யாரும் ஓகஸ்ட் 3ஐப் பற்றி வாய் திறந்ததில்லை. தெரியாமல் இல்லை. பக்கத்து ஊர், வெடிச்சத்தம் கேட்கிற தூரம்.

என்னோடு வேலைசெய்கிற காத்தான்குடித் தோழி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "நாங்க ஓகஸ்டுல சுஹதாக்களுக்கு துஆ கேட்கிற. நீங்க செப்டம்பர்ல விளக்கு வைக்கிற. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாசம்தான் தங்கச்சி. ஆனா ஒரு ஆளாவது இஞ்சால அஞ்சால வந்ததா?" அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் நான் எப்போதும் தங்கச்சி. 2019க்குப் பிறகு அவர்களுடைய கடைகளில் சாமான் வாங்காதீர்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லித் திரிந்த காலத்திலும் அவள் எனக்குப் பகல் சாப்பாட்டில் பங்கு தந்தவள். அவளுக்குக் கேட்க உரிமை உண்டு.

இந்தப் படுகொலைகளில் ஒன்றுக்கும் இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆணைக்குழு வந்தது, அறிக்கை வந்தது. இரண்டு பக்கத்திலும் நினைவிடங்கள் இருக்கின்றன, அவரவர் அவரவரிடத்துக்குப் போகிறார்கள். எங்கள் ஓவியர்களும் கவிஞர்களும் அப்படித்தான். கிழக்கில் நல்ல ஓவியர்கள் இருக்கிறார்கள், இழப்பைப் பற்றி மனதைப் பிசைகிற படங்கள் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வரைகிறவரின் ஆட்களுடைய இழப்பு. அது இயற்கை என்று சொல்லலாம். அரசும் அதைத்தான் சொல்கிறது, தன் வீரர்களுடைய சிலைகளைக் காட்டி.

இதில் ஒரு தடை இருக்கிறது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வழக்கை நான் எடுத்துப் பேசினால் அது அவர்களிடமிருந்து பறிப்பதாகிவிடாதா? எனக்கென்ன தெரியும் அந்த இரவைப் பற்றி? தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் பெரிதாக யோசிக்கவில்லை. "கேட்டுத்தான் வரையிறது. வாப்பாட தம்பி இருக்கார், கேளு. பிழையா வரைஞ்சா அவரே சொல்லுவார்." கண்ணகிக்கு மதுரையில் அடைக்கலம் கொடுத்த மாதரி கூட அவளுடைய ஊருமில்லை, உறவுமில்லை. மாட்டுக்காரி, இன்றைக்கு இருந்தால் சித்தாண்டிப் பந்தலில் ஒரு கதிரை பிடித்திருப்பாள்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அவளும் கீறுவாள், என்னைவிடக் கோடு சுத்தம். ஆரையம்பதியிலிருந்து வந்தாறுமூலை வரைக்கும் பஸ் போகிற வழியை நீளமான ஒரு தாளில் வரைவது. 1990இல் அந்த வழியில் எந்தெந்த இடத்தில் என்னென்ன நடந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, ஒரு கடையோ கராஜோ வெறும் வளவோ, அவ்வளவும் வரும். பறக்கிற சிறுமிகள் கிடையாது. காத்தான்குடி, சத்துருக்கொண்டான், அதே ஓகஸ்டில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஏறாவூர், வந்தாறுமூலை எல்லாம் ஒரே தாளில், பஸ் நிற்கிற வரிசையில்.

அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். காத்தான்குடியையும் ஏறாவூரையும் நான் வரைய வேண்டும். சத்துருக்கொண்டானையும் வந்தாறுமூலையையும் அவள் வரைவாள். அம்மம்மாவிடம் வந்து இருந்து கேட்பதற்கு நாளும் குறித்துவிட்டாள். நான் அவளுடைய சாச்சாவிடம் போக வேண்டும், இன்னும் போகவில்லை. மண்டபம் யார் தருவார்கள் என்பது அடுத்த தலையிடி. வாவிப் படம் கேட்டவரிடமே முதலில் கேட்டுப் பார்ப்போம் என்கிறாள் அவள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் கேட்கத்தான் போகிறோம்.